பையன் இன்னா பண்றாரு?

"பையன் இன்னா பண்றாருங்க?" என்று போளூர்க்காரர் கேட்டபோது தென்னரசுவின் வாயில் பாதி வடை இருந்தது.

செய்யாறு கம்பெனி பஸ் அவனை அப்போதுதான் ஆரணியில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. ராத்திரி முழுக்க ஷூவுக்குப் பசை தடவிய கை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை நகக்கண்ணை விட்டுப் போகாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனிடம் வந்து நின்றவர் தன்னைப் பெண்ணின் தாய்மாமன் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருப் பையனின் பெயரை மெதுவாக விசாரிக்கிறவர் வேறு யாராக இருப்பார்? பையன் வீட்டுக்குள் போனால் காபி கிடைக்கும், உண்மை கிடைக்காது. அதனால் பெண் வீட்டார் முதலில் டீக்கடைக்குத்தான் வருவார்கள்.

அவர் கேட்டது தேவநேசனைப் பற்றி.

தென்னரசு வடையை விழுங்கினான். என்ன சொல்வது? முப்பது வயதாகியும் அம்மா அப்பாவோடு ஒரே வீட்டில் கிடக்கிறான் என்றா? பொழுது விடிந்ததும் அம்மாவோடு தறியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். வெயில் சாய்ந்ததும் தறியை விட்டு எழுந்து, குளித்து, இருட்டும் வரை பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் ஆடிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் கையாலேயே தோசை ஊற்றி அம்மாவுக்குப் போடுகிறவன் என்றா? இதே தேவநேசனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே தென்னரசுதான். ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஏன்டா நின்னுட்டே என்று கேட்டதற்கு, "எனக்கு சாயங்காலம் வேணும்டா" என்றான்.

அன்றைக்குத் தென்னரசு சிரித்துவிட்டான். பிறகு யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது. சாயங்காலம் வேண்டுமாம். தென்னரசுவின் அப்பா பொன்னுசாமி நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். சாயங்காலம் என்றால் அந்த வீட்டில், நாளைக்கு எங்கே வேலை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு அலைகிற நேரம். முதுகு போய்ப் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்த மனிதர் ஒரு சாயங்காலத்தை நிதானமாகப் பார்த்தார்.

"எங்கூடத்தாங்க, கம்பெனில. பெர்மனென்ட்டு" என்றான் தென்னரசு.

"அப்பறம் தறின்னாங்களே?"

"அது சும்மாங்க. பொழுதுபோக்கு."

அவர் தலையை ஆட்டினார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். நடுத்தெருவில் அவிழ்ந்துகொண்டிருந்த நண்பனின் வேட்டியைப் பிடித்துக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது தென்னரசுவுக்கு. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினான்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகத் தேவநேசன் தெருவுக்குப் போனான். புதுப் பாவு நீட்டுகிறோம், ஒரு கை குறைகிறது, வா என்று ராத்திரியே மெசேஜ் வந்திருந்தது. புடவைக்கான நீட்டு இழைகள் அத்தனையையும் வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சுற்றி எடுத்துவிட வேண்டும். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டியாயிற்று. மறு முனைக் கழியைத் தென்னரசு கையில் கொடுத்தார்கள். காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் வேலை. தளர்ந்தால் பட்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நடுவில் விடவே முடியாது.

தேவநேசன் அந்தக் கோடியிலிருந்து குனிந்தபடி, அறுந்த இழையைத் தேடித் தேடி விரலால் முறுக்கி முடிந்துகொண்டே வந்தான். வந்ததிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை மும்முரம் என்று தென்னரசு நினைத்துக்கொண்டான்.

"போளூரு இடம் இன்னாடா ஆச்சு?" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"வேணான்னுட்டாங்க."

"ஏன்டா?"

தேவநேசன் நிமிரவில்லை. "எங்க சர்ச்சு பாஸ்டரு, பையன் தறி நெய்யறான்னு சொல்லிகீறாரு. டீக்கடைல, பையன் கம்பெனின்னு சொல்லிகீறாங்க. ஊருக்குள்ளயே ரெண்டு பேச்சு வருதே, இந்த வூட்ல இன்னாத்த மறைக்கறாங்கன்னு கேட்டாராம் அவங்க மாமா."

தென்னரசுவின் பிடி தளர்ந்தது. கழி லேசாக நழுவியது.

"அந்தப் பொண்ணு ஹெப்சிபாவும் தறில ஒக்கார்றதுதான்" என்று சொல்லிக்கொண்டே தேவநேசன் இன்னும் நாலு அடி கிட்டே வந்தான். "ஷிஃப்ட்டுக்குப் போற மாப்பிள்ளை ரெண்டு பேரை அதுவே வேணான்னுச்சாம். வூட்ல இருக்கறவன்தான் வேணும், சேந்து நெய்யலாம், சேந்து சாப்டலாம்னு. அதுக்குத்தான்டா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாங்க."

"யாரு சொன்னதாம், கம்பெனின்னு?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது, கேட்டிருக்கவே கூடாது என்று.

தேவநேசன் ஒரு முடிச்சைப் போட்டு முடித்தான். நிமிர்ந்து தென்னரசுவின் கழுத்தைப் பார்த்தான். கம்பெனி அட்டை இன்னும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"கழுத்துல அட்டை மாட்டிகினு வடை துன்னுகினு இருந்தவராம்."

"டேய், ஒன் நல்லதுக்குத்தான்டா..."

"தெரியும்டா. அதான் பேஜார். கெட்டது நெனச்சு சொல்லியிருந்தா செவுள்ல ஒண்ணு வுட்டுட்டுப் போயிருப்பேன்."

"பின்ன இன்னாடா சொல்லச் சொல்றே? மத்தியானத்துக்கு மேல பந்து ஆடறான்னா? எங்கப்பன் மூட்டை தூக்கியே செத்தான். ஒடம்பு நோவாத வேலைய வேலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சொன்ன வேகத்தில் கழி முன்னால் சரிந்தது. தெரு நடுவில் பட்டு தொய்ந்தது. "புடிடா!" என்று கத்தினான் தேவநேசன். தென்னரசு பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். ராத்திரி முழுக்க நின்ற காலை மறுபடி ஊன்றினான். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றால், போனால் இவர்கள் பிழைப்பும் கூடவே போகும்.

"நீ நைட்டு ஷிஃப்ட்டு போறே" என்றான் தேவநேசன். இப்போது அவன் பேச்சு மூச்சோடு முகத்தில் படும் தூரம். "ஒன் பொண்ணு முழிச்சிகினு இருந்து நீ பாத்து எத்தினி நாளாச்சு? நான் எப்பனா கேட்டுகீறேனா? ஒன் வூடு, ஒன் பாடுன்னு வாய மூடிகினு இருந்தேன். நீயும் அந்த மாதிரி இருந்துருக்கலாம் இல்ல? எனக்கு வெக்கம் இல்லடா. எனக்கு சேத்து நீ எதுக்குடா வெக்கப்பட்டே?"

கம்பத்தடியில் நின்ற தேவநேசனின் அம்மா எஸ்தர், நடப்பது தெரியாத மாதிரி பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போனை எடுத்துகினு வா. அந்த மாமாவுக்குப் போடு."

"வோணாண்டா. போனது போவுட்டும்" என்றாள் எஸ்தர்.

"போடும்மா. நெசம் இன்னான்னு இவனே சொல்லுவான்."

எஸ்தர் தயங்கித் தயங்கி வந்தாள். தென்னரசுவின் இரண்டு கையும் கழியில். அவளே எட்டிப் போனை அவன் காதில் வைத்தாள். உள்ளே மணி போய்க்கொண்டிருந்தது. ஒருவேளை எடுக்க மாட்டார் என்று ஒரு நொடி நினைத்தான். எடுத்துவிட்டார்.

"அல்லோ, யாருங்க?"

"ஆரணிலேர்ந்துங்க. தேவநேசனோட ஃபிரெண்டு. டீக்கடைல..."

தேவநேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அறுந்த இழை ஒன்றின் இரண்டு நுனியையும் விரலில் பிடித்தபடி நின்றான். முடிச்சுப் போடவில்லை.

"சொல்லுங்க" என்றது போன்.

வெயில் கூரைக்கு மேலே வந்துவிட்டது. தெரு முழுக்க அத்தனை இழையும் ஒரே நேரத்தில் தகதகத்தன. தென்னரசு குதிகாலைத் தரையில் அழுத்தி, கழியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்தான்.