மாநாட்டுக்கு அனுப்பிய பெயர்

சிங்கப்பூரில் நடக்கவிருந்த ஆசிய மாணவர் மாநாட்டுக்குத் திருச்சியிலிருந்து ஒரு மாணவியை அனுப்பலாம் என்று மாநாட்டின் சென்னைக் கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது 1959 ஜூலையில். பிரின்சிபால் அந்தக் கடிதத்தை அப்படியே ரோசரியிடம் கொடுத்துவிட்டார்.

ரோசரி அந்தப் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தாள். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலப்புதூரில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். சென்னையைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் அவள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் சீமையில் படித்தவள் என்றே நினைத்தார்கள். அவளும் மறுத்ததில்லை. வையம்பட்டியில் கடலைச் செடிகளுக்கு நடுவே பிறந்தவள் என்பதும், பத்து வயதில் கன்னியாஸ்திரீகளின் போர்டிங்கில் சேர்ந்தபோது ‘இஸ்கூல்’ என்று சொல்லி வகுப்பே சிரித்தது என்பதும் கல்லூரியில் யாருக்கும் தெரியாது.

கமிட்டி முதலில் ஒரு கட்டுரை கேட்டது. உங்கள் வட்டாரத்தில் பெண்கள் கல்வி என்பது தலைப்பு. ஏழு மாணவிகள் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு பேர் நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஏழாவது, உப்பிலியபுரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பொன்னுத்தாய் எழுதியது. அவள் லீவில் ஊருக்குப் போனபோது மூன்று கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன நூற்றுப் பதினோரு பெண்களைப் பார்த்துப் பேசியிருந்தாள். யார், எந்த வகுப்பில், ஏன் நின்றாள் என்று ஒரு நோட்டு முழுக்கக் குறிப்புகள். கட்டுரையின் ஆங்கிலம் அங்கங்கே தடுக்கியது. ரோசரி அதைத் திருத்தி, கல்லூரியின் பெயரில் அனுப்பினாள். கமிட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம், இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள், அக்டோபர் முடிவதற்குள் ஒரு பெயரை அனுப்புங்கள், மற்றவள் ரிசர்வ் என்று எழுதினார்கள்.

இரண்டாவது பெண்ணாக ஸ்ரீரங்கத்து வேதவல்லியைச் சேர்த்துக்கொண்டாள் ரோசரி. சித்திரை வீதியில் வீடு. அப்பா ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். கடல் தாண்டுவதா என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாதவர். வேதவல்லிக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு.

இரண்டு மாதம் பயிற்சி நடந்தது. சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் மேலப்புதூர் வீட்டுக்கு வருவார்கள். வேதவல்லி சைவம் என்பதால் ரோசரி வெறும் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தட்டில் வைத்து, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அவளே அதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டிருந்தாள். பொன்னுத்தாய் இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். வேதவல்லியின் உருளைக்கிழங்கு மூன்று முறை தரையில் ஓடியது. மூவரும் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். காலரா ஊசி போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கை வீங்கி ஒரே நாளில் காய்ச்சலில் படுத்தார்கள். அந்த நாட்களில் ரோசரியின் மனதில் இருந்த பெயர் பொன்னுத்தாய்தான்.

அக்டோபர் நடுவில் கல்லூரி ஹாலில் ஓர் ஒத்திகை வைத்தார் பிரின்சிபால். ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். வேதவல்லி அன்று உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்தாள். பொன்னுத்தாய் கட்டுரையை வாசித்தாள். பயமில்லாமல் நிமிர்ந்து நின்றுதான் வாசித்தாள். ஆனால் முதல் பக்கத்திலேயே ‘இஸ்கூல்’ என்றாள். முன்வரிசையில் ஒரு வக்கீலின் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். ரோசரிக்குக் காது சூடானது.

பொன்னுத்தாய் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். நின்றுபோன நூற்றுப் பதினோரு பேரில் எழுபத்து நான்கு பேர் சொன்ன காரணம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் இல்லை. பெரியவளான பெண், மாதத்தில் அந்த நாட்களில், நாள் முழுக்க அங்கே எப்படி இருப்பாள் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். பொன்னுத்தாய் அதை அப்படியே வாசித்தாள்.

ஹாலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கூட்டம் முடிந்து காப்பி சாப்பிடும்போது வக்கீல் ரோசரியிடம் வந்தார்.

“நல்ல பொண்ணுதாங்க. ஆனா கடல் தாண்டிப் போய், அத்தனை தேசத்துக்காரன் முன்னால நம்ம வீட்டுக் கக்கூஸ் கதையையா பேசணும்? நீங்க சீமையெல்லாம் பார்த்தவங்க, உங்களுக்குத் தெரியாததா?”

ரோசரி சிரித்தாள். தலையையும் ஆட்டினாள்.

மறுநாள் பொன்னுத்தாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். “அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துடலாம்மா.”

பொன்னுத்தாய் கொஞ்சம் யோசித்தாள். “அதைச் சொல்றதுக்குத்தானே மிஸ் மத்ததெல்லாம் எழுதினேன்? அதை எடுத்துட்டா மீதி எதுக்கு?”

அவள் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டாள். அந்தக் கேள்வியே ரோசரிக்குக் கோபத்தைக் கிளப்பியது. இந்தப் பெண் அங்கே போனால் நான் என்ன சொல்லி அனுப்பினாலும் இதைத்தான் பேசுவாள், இப்படித்தான் பேசுவாள் என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே கமிட்டிக்கு வேதவல்லியின் பெயரை எழுதித் தபாலில் சேர்த்தாள்.

பிறகு இரண்டு பொய்கள் சொன்னாள். பொன்னுத்தாயிடம், “மெட்ராஸ்ல வேதவல்லியைத்தான் கேட்டாங்கம்மா, என் கையில ஒண்ணுமில்ல” என்றாள். வேதவல்லியிடம், “பொன்னுத்தாய் வீட்ல அனுப்ப மாட்டேன்னுட்டாங்க” என்றாள். பொன்னுத்தாயின் அப்பா மூக்கன் கைநாட்டு வைத்த சம்மதக் கடிதம் அப்போது அவள் மேஜை இழுப்பறையில் இருந்தது.

“என் கட்டுரை மிஸ்?” என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

“அது காலேஜ் கட்டுரைம்மா. வேதவல்லி வாசிப்பா.”

“சரிங்க மிஸ்.”

கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு, ‘பழைய வழக்கங்களும் அறியாமையும்’ என்று நான்கு வரி சேர்த்து ரோசரியே புதிதாக டைப் அடித்து, எழுதியது யார் என்று சொல்லாமல் வேதவல்லியிடம் கொடுத்தாள். நவம்பர் கடைசியில் வேதவல்லி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்காகத் திருச்சி ஜங்ஷனில் ரயிலேறினாள். வழியனுப்ப பொன்னுத்தாயும் வந்திருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கடைசிப் பக்கத்துல இருக்கிறதை நல்லாப் படிச்சுக்கிட்டியா வேதா? அதைத்தான் கேப்பாங்க” என்றாள்.

“எந்தக் கடைசிப் பக்கம்?” என்றாள் வேதவல்லி.

“சிக்னல் விழுந்துடுச்சு, தள்ளி நில்லு பொன்னுத்தாய்” என்றாள் ரோசரி. சிக்னல் விழ இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வேதவல்லி திரும்பி வந்தாள். வந்த மறுநாள் காலையிலேயே மேலப்புதூர் வீட்டுக்கு வந்து நின்றாள். முகம் கறுத்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நன்னா வாசிச்சேன் மிஸ். எல்லாரும் கைதட்டினா. அப்புறம் ஒரு ஜப்பான்காரப் பொண்ணு எழுந்து, ‘நூத்துப் பதினோரு பேரை நேர்ல போய்க் கேட்டேன்னு சொல்றியே, அவா என்னதான் காரணம் சொன்னா?’ன்னு கேட்டா. நேக்கு ஒண்ணுமே தெரியலை. நான் யாரையும் கேட்கலையே மிஸ். மைக் முன்னாடி வாயடைச்சுப்போய் நின்னேன். அந்தப் பொண்ணே பாவம்னு உட்கார்ந்துட்டா. பொன்னுத்தாயைக் கேக்கலாம்னு ஹாஸ்டலுக்குப் போனேன், யாருமே இல்லை, லீவுக்குப் போயிட்டா. நீங்களாவது சொல்லுங்கோ. அது பொன்னுத்தாய் எழுதினதுதானே?”

“ஆமா.”

“அவாத்துல விடலைன்னு சொன்னேளே, அது?”

ரோசரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதுப் பெண்ணின் முன்னால் தலை நிமிரவில்லை.

“லீவு முடிஞ்சதும் பாராட்டுக் கூட்டம் வைக்கறாளாம்” என்றாள் வேதவல்லி. “நான் மேடையிலேயே சொல்லிடப் போறேன். அதுக்கு முன்னாடி பொன்னுத்தாய் உங்க வாயால கேட்டா நன்னா இருக்கும் மிஸ்.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் ரோசரி துறையூர் பஸ்ஸில் ஏறினாள். துறையூரில் இறங்கி வேறு பஸ் பிடித்தாள். உப்பிலியபுரத்திலிருந்து ஒரு மைல் நடை. வழி நெடுக, பொன்னுத்தாயிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். ஆனால் வீட்டு வாசலில் முதலில் பார்த்தது மூக்கனைத்தான். அவர் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயத்தைத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தார். ஆளைத் தெரிந்ததும் பதறி எழுந்தார்.

“வாங்க டீச்சரம்மா, வாங்க. ஒரு லெட்டர் போட்டிருந்தா ரோட்டுக்கே வந்திருப்பேனே. புள்ள தண்ணிக்குப் போயிருக்கு, இப்ப வந்துரும்.”

கட்டிலைத் துடைத்துப் போட்டார். அவர் கீழே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“டீச்சரம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் காயிதத்துல நான் வெச்ச கைநாட்டு சரியா விழலீங்களா? மை ரொம்ப அப்பிக்கிச்சு. புள்ளைய கேட்டா, அதெல்லாம் இல்லப்பா, மெட்ராஸ்காரங்க வேற பொண்ணக் கேட்டாங்கன்னு சொல்லுது. எனக்கு வேதனையா இருக்கும்னு மறைக்குதோன்னு நெனச்சேன். கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க வீட்டுப் புள்ளையத்தான் கப்பல்ல ஏத்துவாங்களோ என்னமோ. மூணு மாசமா தூக்கமில்லீங்க.”

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் ரோசரிக்கு வரவில்லை. கட்டிலை விட்டு இறங்கி அவருக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

“உங்க கைநாட்டு சரியாத்தான் விழுந்திருக்குங்க. அதை யாருமே பாக்கல. மெட்ராஸ்லயும் யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் உங்க புள்ளைய வேணாம்னு எழுதினேன். அது பேசுறது எனக்கு வெக்கமா இருந்துச்சு. நானும் பட்டிக்காட்டுக்காரிதான், வையம்பட்டி. அப்பிடித்தான் பேசிக்கிட்டிருந்தேன். அது எழுதினத எடுத்து இன்னொரு பொண்ணு கையில குடுத்து, நீங்க அனுப்ப மாட்டேன்னு சொன்னதா பொய் சொன்னேன்.”

மூக்கன் அவளையே பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிப் பார்த்தார். ரோசரி திரும்பினாள். பொன்னுத்தாய் இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

மூக்கன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வரவில்லை.

பொன்னுத்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ரோசரி குடித்தாள்.

“எனக்குப் போகணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு மிஸ்” என்றாள் பொன்னுத்தாய். “மெட்ராஸ்ல வேண்டாம்னுட்டாங்கன்னு நீங்க சொன்னப்ப, மிஸ் நமக்காக எவ்வளவு பேசிப் பாத்திருப்பாங்க, பாவம்னு நெனச்சேன். உங்களுக்காக மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்திகூட ஏத்தினேன்.”

ரோசரி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“வேண்டாம் மிஸ். அப்பாகிட்ட சொன்னீங்களே, அது போதும். நாலு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் பஸ் இல்ல.”

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தாள். அவள் வராமல் இருந்திருந்தால் அந்த ஒரு மைல் சுலபமாக இருந்திருக்கும் என்று ரோசரிக்குத் தோன்றியது.

திருச்சிக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் பிரின்சிபாலிடம் சொன்னாள். கமிட்டிக்கும் எழுதினாள். மாநாட்டு அறிக்கை அச்சாகிவிட்டது, இனி பெயரை மாற்ற முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் வேதவல்லி மாலையை வாங்கிக்கொள்ள மறுத்து, மைக்கில் நான்கே வாக்கியம் பேசிவிட்டு இறங்கினாள். வக்கீலும் அவர் மனைவியும் அந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில்தான் இருந்தார்கள். எல்லோரும் திரும்பி ரோசரியைப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தாள். கல்லூரி மலரில் கட்டுரை முழுவதுமாக, கடைசிப் பக்கத்தோடு, பொன்னுத்தாயின் பெயரில் வந்தது. அந்தப் பக்கம் வேண்டாமே என்று பிரின்சிபால் தயங்கியபோது, ரோசரி இரண்டு நாள் அவர் அறை வாசலில் போய் நின்று சம்மதம் வாங்கினாள். மாணவிகளை வெளியே அனுப்பும் பொறுப்பு அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

பொன்னுத்தாய் அதற்குப் பிறகும் வகுப்புக்கு வந்தாள். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ரோசரியின் அறைப் பக்கம் மட்டும் வரவேயில்லை.

ஒரே ஒரு முறை வந்தாள். 1961 மே மாதம், பி.ஏ. முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு மனு போடுவதற்காக. நன்னடத்தைச் சான்றிதழில் வகுப்பு ஆசிரியை கையெழுத்துப் போடவேண்டும். படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

ரோசரி பேனாவைத் திறந்தாள். ‘இந்த மாணவியின் நடத்தை’ என்று அச்சடித்த வரிக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. என்ன எழுதுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. எழுதுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றுதான் கை நின்றது. பொன்னுத்தாய் காத்துக்கொண்டிருந்தாள். ரோசரி குனிந்து ‘மிக நன்று’ என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள்.

பொன்னுத்தாய் மை காயும்வரை ஊதிவிட்டுப் படிவத்தை மடித்தாள்.

“தேங்க்ஸ் மிஸ். போயிட்டு வரேன்.”

“போயிட்டு வா” என்றாள் ரோசரி.