குஸ்மின் ஏன் வெளியே வந்தான்

கரோலினா போனில் கூப்பிட்டாள். ஒஸ்லோ நகரத்துக்குள் ஒரு சினிமாக் கழகத்தில் அவள் உறுப்பினர். பழைய சோவியத் படங்களைச் சுத்தம் செய்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே போடுகிறார்களாம். அடுத்த ஞாயிறு போடப்போவது, ரஷ்ய உள்நாட்டுப் போரில் சண்டை பிடித்த குஸ்மின் என்ற தளபதியின் கதை.

"அங்கிள், டெனிஸ் மாமா தனக்குப் பேர் எடுத்த படம் அதுதானே? அம்மாவும் வாறா. நீங்களும் வாங்கோ. அந்தப் படத்தை எல்லாருக்கும் விளங்கப்படுத்தினது நீங்கள்தான் எண்டு அம்மா சொன்னவ."

ஓம், நான்தான். அதை மறைக்க முடியாது. மறைத்தது வேறு விஷயம்.

டெனிஸ், கரோலினாவின் தாய் புளோறன்ஸின் அண்ணன். தீவுப்பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. எங்கள் ஆயுத இயக்கத்தில் சேர்ந்தால் வீட்டுப் பெயரை விட்டுவிட வேண்டும். எங்கள் முகாமில் பாதிப்பேர் படத்தில் பார்த்த பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். டெனிஸ் 'குஸ்மின்' ஆனான். பத்தொன்பது வயதில் செத்தான். காவல் நின்ற இடத்தை விட்டு வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, சுட வந்தவர்களை நோக்கி நடந்து போனான். சரணடையப் போனவன் என்று இயக்கம் முடிவு கட்டியது. அதனால் எங்கள் நினைவு நாளில் வைக்கும் படங்களில் அவன் படம் இல்லை. ஒஸ்லோவில் அந்தப் படங்களை வரிசையாக மாட்டுகிறவன் நான். சங்கத்துச் செயலாளர் அரசரத்தினம் என்றால் தமிழ் ஆட்களுக்குத் தெரியும்.

புளோறன்ஸும் நானும் ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருக்கிறோம். அவள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் துப்புரவு வேலை செய்கிறாள். ஒவ்வொரு வருடமும் இறந்தோர் தினத்தில் அண்ணனுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவாள். அண்ணனோடு ஒரே கோப்பையில் சோறு சாப்பிட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். முப்பது வருடமாக வெட்கமில்லாமல் போய்ச் சாப்பிட்டு வருகிறேன்.

எண்பத்தைந்தில் எங்கள் பயிற்சி முகாம் தமிழ்நாட்டில் ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. அரசியல் பொறுப்பாளர் எங்கேயோ கெஞ்சி ஒரு புரொஜெக்டரும் அந்தப் படமும் கொண்டுவந்தார். படம் ரஷ்ய மொழி. கூடவே ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கதைச் சுருக்கம் வந்தது. முகாமில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான். ரஷ்ய மொழியில் எனக்கு ஓம், இல்லை கூடத் தெரியாது. ஆனால் மைக்கைக் கையில் தந்துவிட்டார்கள்.

பெடியளுக்குக் காட்டுவதற்கு முன்னால் பொறுப்பாளரும் நானும் மட்டும் படத்தைப் பார்த்தோம். கடைசியில் குஸ்மின் ஏழு பேருடன் ஒரு செங்கல் சூளைக்குள் மாட்டிக்கொள்கிறான். உதவி வரும் வரும் என்று காத்திருக்கிறான். பனிக்குள்ளால் குதிரைகள் வருகின்றன. தன் ஆட்கள் என்று நினைத்துத் தொப்பியை ஆட்டிக்கொண்டு வெளியே வருகிறான். சுட்டுத் தள்ளுகிறார்கள். தொப்பி பனியில் கிடக்கிறது. படம் முடிகிறது.

பொறுப்பாளர் சொன்னார்: "இதைக் காட்டினால் பெடியள் உடைஞ்சு போவாங்கள். முடிவை மாத்தும்."

மாற்றினேன். தொப்பியை ஆட்டுகிற இடத்தில் நான் தலையசைத்தால் புரொஜெக்டரை நிறுத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. திரை வெள்ளையாகிவிடும். நாக்கை அண்ணத்தில் தட்டி மைக்கில் குதிரை ஓடுகிற சத்தம் போடுவேன். "வந்திட்டாங்கள்! எங்கட ஆக்கள் வந்திட்டாங்கள்! குஸ்மினைக் கட்டிப்பிடிச்சுக் குதிரையில ஏத்துறாங்கள்!" என்பேன். தோப்பே அதிரக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுப்பாளர் சொன்னது முடிவை மாற்றச் சொல்லித்தான். குதிரைச் சத்தம் என் சொந்தச் சரக்கு.

முதல் தரம் காட்டிய அடுத்த நாள் டெனிஸ் வந்து ஒரு கேள்வி கேட்டான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீளக் கோட்டுத்தானே போட்டிருக்கிறார்கள், வருவது தன் ஆட்கள் என்று குஸ்மினுக்கு எப்படித் தெரிந்தது? புத்திசாலிப் பிள்ளை. என் பொய்யில் இருந்த ஓட்டையை அவன் ஒருவன்தான் கண்டுபிடித்தான். நான் யோசிக்கவே இல்லை. "எதிரி ஒளிச்சு ஒளிச்சு வருவான். ஒளிக்காமல் நேரா வாறவன் எங்கட ஆள்" என்று அடித்து விட்டேன். அவன் தலையாட்டினான்.

அடுத்த வருடம் ஊரில் ஆமியை விட்டுவிட்டு இயக்கங்கள் ஒன்றையொன்று சுட ஆரம்பித்தன. டெனிஸ் நாலு பேருடன் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய ஐஸ் பக்டரியில் காவல் நின்றான். உதவிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தோம், அனுப்பவில்லை. பட்டப்பகலில், நடுத்தெருவால், இரண்டு வான் வண்டி நேராக வந்தது. வந்தவர்களும் தமிழ்ப் பெடியள்தான், எங்களைப் போலவே சாரமும் சேட்டும். டெனிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

அந்த நாலு பேரில் தப்பி வந்தவன் வின்சென்ற் ஒருவன்தான். விசாரணையில் அவன் சொன்னதை எழுதும் வேலை எனக்கு. "அவன் சரணடையப் போகேல்ல. ஒளிக்காமல் நேரா வாறாங்கள், எங்கட ஆக்கள்தான் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்" என்று வின்சென்ற் இரண்டு தரம் சொன்னான். மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வசனத்தை மட்டும் எழுதவில்லை. எழுதினால், அந்தப் புத்தியை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார்கள். அந்த வருடமே வின்சென்றும் செத்துப்போனான். நான் எழுதிய தாள்தான் மிஞ்சியது.

கரோலினாவிடம் சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தேன். படம் நல்ல நீளம், அம்மாவுக்கு இடுப்பில் நாரிநோ, குளிர் வேறு என்றேன். அவள் சிரித்தாள். அடுத்ததாக நான் போகாமல் விடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் புளோறன்ஸ் அதைத் தனியே பார்ப்பாள். போய்ப் பக்கத்தில் இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். என் வாயில் அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

புளோறன்ஸ் நல்ல கோட்டுப் போட்டு, பூசைக்கு வருகிற மாதிரி வந்திருந்தாள். திரையின் அடியில் நோர்வேஜிய எழுத்து ஓடியது. அவள் அதைச் சத்தமில்லாமல் வாய்க்குள் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன வசனம் ஒன்றுகூட அங்கே இல்லை. செங்கல் சூளை வந்ததும் என் பக்கம் சாய்ந்தாள்.

"இனித்தான் தொப்பியைக் கழட்டுவார். லீவில வந்தநேரம் அண்ணா எனக்கு நடிச்சுக் காட்டினவர். என்னைத் தூக்கிக் குதிரையில ஏத்தினவர். எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு."

குஸ்மின் தொப்பியைக் கழற்றினான். என் தலை தன்பாட்டில் அசைந்தது. இங்கே நிறுத்துவதற்கு ஆள் இல்லை. படம் ஓடியது. அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும்போதே சுட்டார்கள்.

படம் முடிந்து வெளியே வந்தோம். ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஏறியபின் கரோலினாவைத் தள்ளிப்போய் இருக்கச் சொன்னாள். எனக்கு எதிரே இருந்து, அண்ணா தனக்கு வேறு முடிவு சொன்னாரே, அவருக்கு அதை யார் சொன்னது என்று கேட்டாள். அங்கே வந்தது வேறு கொப்பி, கடைசி ரீல் கிழிந்திருந்தது என்று தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுப்பாளர் சொன்னது, டெனிஸ் கேட்டது, நான் சொன்ன பதில், வின்சென்றின் வசனம், நான் எழுதாமல் விட்டது. சொல்லி முடிய வெஸ்ட்லி வந்துவிட்டது. கடைசி ஸ்டேஷன் என்பதால் எல்லாரும் இறங்கினார்கள். அவள் எழும்பவில்லை.

"எங்கட ஐயா சாகுமட்டும் கோயில்ல கடைசி வரிசை வாங்கில இருந்தவர். சரணடையப் போனவன்ர தேப்பன் எண்டு. அது உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் என்ர வீட்டில சாப்பிட்டனீங்கள்."

"ஓம்."

"மைக்கைப் பிடிச்சுத்தானே பொய் சொன்னனீங்கள். நவம்பரில நினைவு நாளில மைக்கைப் பிடிச்சே உண்மையையும் சொல்லுங்கோ."

முப்பது வருடமாக அரசண்ணை, அரசண்ணை என்றுதான் கூப்பிட்டவள். அன்று அந்தச் சொல் வரவில்லை. அந்த வருடம் இறந்தோர் தினத்துக்குக் கூப்பிடவும் இல்லை.

நினைவு நாளை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பகல் இரண்டு மணிக்கு வைத்தோம். புளோறன்ஸ் அதற்கு முன் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அன்று டெனிஸின் படத்தைச் சட்டம் போட்டு ஒரு கடைப் பையில் வைத்துக்கொண்டு, கரோலினாவுடன் கடைசி வரிசையில் இருந்தாள். நான் மேடையில் ஏறினேன். எழுதி வைத்த தாளைத்தான் முதலில் வாசித்தேன். தென்னந்தோப்பு, புரொஜெக்டர், ஆங்கிலத் தாள் என்று போகப்போகச் சனம் என்னையே பார்த்தது. எனக்கும் குரல் திறந்துவிட்டது. தாளை மடித்துவிட்டேன். செங்கல் சூளைக்கு வந்தேன். பனி வந்தது. நாக்கு அண்ணத்தில் தட்டியது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் பிசகில்லாமல் வந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அதன்பிறகு என் குற்றத்தைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

நினைவு நாளில் யாரும் கைதட்டுவதில்லை. அன்று தட்டினார்கள்.

சங்கத் தலைவர் ரதீஸ் மைக்கை வாங்கினான். முகாமைக் கண்ணால் காணாத பெடியன், ஆனால் நல்ல பிள்ளை. அரசரத்தினம் அண்ணை ஒரு சகோதரியின் மன ஆறுதலுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், இப்படி ஒரு மனம் யாருக்கு வரும் என்றான். நடந்தது எப்படி இருந்தாலும் டெனிஸ் சின்னப் பிள்ளை, பயந்திருப்பான், அவனை மன்னித்து இந்த வருடத்திலிருந்து படத்தை வைக்கலாம் என்றான். சரி, சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பொய் சொல்லவில்லை, உண்மைதான் சொன்னேன் என்றேன். மைக் அவனிடம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளில் தட்டி, "விளங்குது அண்ணை, இருங்கோ" என்றார்.

ரதீஸ் கடைசி வரிசைவரை போய்ப் படத்துக்குக் கையை நீட்டினான். மன்னித்து வைக்கிற படம் தனக்கு வேண்டாம் என்று புளோறன்ஸ் சொல்லிவிட்டாள். சட்டத்தைத் துவாய்த் துணியால் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நான் கதிரைகளை இடித்துக்கொண்டு ஓடிப்போய் வாசலில் மறித்தேன். ஒன்றும் விடாமல் சொன்னேன்தானே, அவர்கள் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய என்று கேட்டேன். அவள் கோட்டுப் பொத்தானைப் பூட்டி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அந்தக் குதிரைச் சத்தத்தை இண்டைக்கும் ஏன் போட்டனீங்கள்?"