கேட்காமல் விட்ட மாப்பு

உம்ராவுக்குக் கிளம்புகிறவன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மாப்பு கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மக்காவில் போய் நின்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் மனுஷர்களிடம் கேட்டு முடித்திருக்க வேண்டும். நானும் கேட்டேன். பத்து நாளாக வேறு வேலையே இல்லை. சாயங்காலமானால் மனைவி சாதிகாவும் நானும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். காளவாசலில் சம்பந்தி வீடு, அங்கிருந்து மச்சினன் வீடு, மருமகளின் மாமா வீடு. "தெரிஞ்சோ தெரியாமலோ எதுவும் பேசியிருந்தா மாப்பு பண்ணிருங்க" என்பேன். "நீங்க என்னத்தப் பேசுனீங்க, எங்களுக்காக துஆ செய்ங்க" என்பார்கள். உடனே சமோசா வரும். சர்க்கரை ஏறியதுதான் மிச்சம்.

நேரில் போக முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். மேலே காபாவின் படம். கீழே 'நூருல் அமீன், சாக்கு வியாபாரம், சிம்மக்கல்' என்று என் பெயர். இருநூறு பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை. கெடுதல் செய்தது ஒரே ஒருவனுக்கு. அவன் எங்கே இருக்கிறானோ, யார் கண்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குச் சௌகரியமான பதில் அதுதான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வேன். சாதிகாவின் அண்ணன் ஜுல்பிகர்தான் குரூப்பை ஏற்பாடு செய்திருந்தார். சென்னை போய், மறுநாள் காலை விமானம். வேன் ஏறுவதற்கு முன், மதிய ஜும்ஆ தொழுகையில், கிளம்புகிற எங்களுக்காக ஜமாஅத்தே கையேந்தி துஆ செய்யும் என்றார்கள். அதனால் பயானுக்கே வந்து முதல் வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன், அதை நடத்துகிற ஹஜ்ரத் அரை மணி நேரம் தமிழில் பேசுவார், அதுதான் பயான். அப்புறம் அரபியில் குத்பா, பிறகு தொழுகை. கடைக்காரர்கள் பாதிப் பேர் தமிழை விட்டுவிட்டு அரபிக்குச் சரியாக வந்து சேருவோம். அரபியில் என்ன சொன்னாலும் நமக்கு உறுத்தாது. ஆறு வருஷத்துக்கு முன் என் குடோன் எரிந்து நடுத்தெருவில் நின்றபோது, நான் பயானுக்கு முதல் ஆளாகப் போனேன். ஹஜ்ரத் வாய் திறந்தாலே எனக்கு அழுகை வரும். அப்புறம் வியாபாரம் பழையபடி எழுந்தது, பழையதைவிடப் பெரிதாகவே எழுந்தது. பள்ளிவாசலுக்கு ஏசி போட்டுக் கொடுத்தவன் நான். போட்ட பிறகு அதற்குக் கீழே முழு பயானும் உட்கார்ந்தது இரண்டு தடவை இருக்கும்.

தவ்பீக் ஹஜ்ரத்துக்கு என் மகன் வயது. பேச்சை நீட்டுகிறார் என்று கமிட்டியில் அவர்மேல் புகார் சொன்னவனே நான்தான். அன்றைக்கு அவர் சுருக்கமாகத்தான் பேசினார்.

"கஷ்டத்துல இருக்கறவன் காதைத் தீட்டிக்கிட்டு வாரான். அல்லாஹ் ஒரு வாசலத் தொறக்க மாட்டானான்னு ஒவ்வொரு சொல்லாப் பொறுக்கிக்கிறான். வாசல் தொறந்துச்சுன்னா மொதல்ல செவிடாகுறது அவன் காதுதான்."

நான் ஏசி ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தேன். குளிர் போதவில்லை.

"அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் நடுவுல உள்ளத அவன் மன்னிப்பான். இன்னொரு மனுஷனுக்கு நீங்க செஞ்சத அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். மாப்பு குடுத்துருவாங்கன்னு தெரிஞ்ச வீட்டுக்கெல்லாம் போயிட்டு வந்துட்டீங்க. போகாத வீடு ஒண்ணு இருக்கும். அங்க போனீங்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கிளம்புகிற பதினாலு பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு முதுகு வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொண்டது.

என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வியாழன் அந்தியில் குடோனின் முன்பக்கமாக இருந்த கடையில் ஊதுபத்தி கொளுத்துவது எங்கள் அத்தா காலத்துப் பழக்கம், எங்கள் கணக்கில் வெள்ளிக்கிழமை பிறக்கிற அந்த நேரத்தில் பரக்கத் வரும், வியாபாரம் செழிக்கும் என்று. மற்ற கடைகளில் அதற்கு ஒரு ஸ்டாண்டு இருக்கும். சாக்குக் கடைக்காரனுக்கு அது எதற்கு? கட்டி அடுக்கிய சாக்கின் இடுக்கில் செருகினால் நேராக நிற்கும். அத்தாவும் அப்படித்தான் செருகுவார், நானும் அப்படித்தான். கடை சாத்துமுன் பிடுங்கி அணைத்துவிடுவோம். ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டேன். எட்டு மணிக்குப் பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டார். முன்பக்கச் சாக்குக் கட்டிலிருந்துதான் முதலில் புகை வந்தது என்று அவர் சொன்னபோதே எனக்கு என் ஊதுபத்தி நினைவுக்கு வந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. சாக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. காளை என்று ஒரு சுமைதூக்குகிறவன் அன்று சாயங்காலம் குடோனின் பின்சுவர் ஓரம் உட்கார்ந்து பீடி பிடித்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். பீடிதான் காரணம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். விடிவதற்குள் சிம்மக்கல் முழுக்க அதே பேச்சு. நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கொடுமை என்னவென்றால் காளையே அதை நம்பிவிட்டான். கூட்டத்துக்கு நடுவே வந்து என் காலில் விழுந்து கதறினான். நான் அவனைத் தூக்கி நிறுத்தி, உன்னை மன்னித்துவிட்டேன், போ என்றேன். பாய் மனசு யாருக்கு வரும் என்று ஊரே மெச்சியது. நானும் அந்த மெச்சுதலை வாங்கிக்கொண்டேன்.

சங்கத்தில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். எந்தக் குடோனிலும் அவனைச் சேர்க்கவில்லை. ஊரைவிட்டுப் போய்விட்டான். நிலைமை சரியாகட்டும், சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். நிலைமை சரியானதும் சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோனது.

தொழுகை முடிந்ததும் கிளம்புகிறவர்கள் வரிசையாக எழுந்து மைக்கில் மாப்பு கேட்டார்கள். என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. "தெரிஞ்சோ தெரியாமலோ எதுவும் பேசியிருந்தா" என்றுதான் வாய் சொன்னது. எல்லோரும் ஆமீன் சொல்லிக் கட்டித் தழுவினார்கள். எனக்கு என்னைப் பார்க்கவே கூசியது.

வெளியே வரும்போது மணி இரண்டு. சுமைதூக்குவோர் சங்கத் தலைவர் பேயாண்டி நிழலில் நின்றிருந்தார். காளை எங்கே இருக்கிறான் என்று கேட்டேன்.

"அந்தத் தீ வச்ச காளையவா? அழகர்கோவில் வண்டி ஸ்டாண்டுல டோக்கன் கிழிக்கிறான்." பிறகு சிரித்தார். "அவனுக்கு இன்னும் என்ன நல்லது செய்யப் போறீக பாய்?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு காரை எடுத்தேன்.

வைகைப் பாலத்திலேயே நெரிசல். மூன்றுமாவடி தாண்ட இரண்டரை ஆகிவிட்டது. போய்த் திரும்ப நேரம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். அப்போதும் என் கணக்கு அப்படித்தான் இருந்தது. ஐந்து நிமிஷம் பேசினால் போதும், மாப்பு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். சாதிகா போனில் எங்கே என்று கேட்டாள். சின்ன வேலை என்றேன்.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கோவிலுக்கு வந்த கூட்டம், மொட்டை போட்ட பிள்ளைகள், வழியெல்லாம் குரங்குகள். ஜிப்பாவும் தொப்பியுமாக இறங்கிய என்னை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டோக்கனை நீட்டிக்கொண்டே வந்த காளை என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"நல்லா இருக்கீகளா பாய்? கடை நல்லா நடக்குதா?" என்றான். பிறகு தானாகவே சொன்னான். "அன்னையில இருந்து பீடியத் தொடல பாய். வீட்டுல அடுப்பு பத்தவச்சாக்கூட அணைஞ்சிருச்சான்னு நாலு தடவ எந்திரிச்சுப் பாப்பேன்."

இதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"காளை, அது ஒம் பீடி இல்ல. நான் செருகி வச்ச ஊதுபத்தி. எடுக்க மறந்துட்டுப் போயிட்டேன். எனக்கு அன்னைக்கே தெரியும். என்னைய மன்னிச்சுரு."

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. ஊதுபத்தியா என்று இரண்டு முறை கேட்டான். எங்கே செருகினேன் என்று கேட்டான். முன்பக்கக் கட்டு என்றேன். அவன் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டான். ஒரு கார்க்காரர் டோக்கன் கேட்டுக் கத்தினார், திரும்பவில்லை. கையிலிருந்த டோக்கன் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மணி மூன்றேகால். அவன் அழுதாலும் தேவலை, என்னை அடித்தாலும் தேவலை என்று இருந்தது.

கடைசியில் மெதுவாகத்தான் பேசினான்.

"மாப்பு தரமாட்டேன்னு சொல்லல பாய். ஆனா நான் சிம்மக்கல்லே பாக்க உங்க கால்ல விழுந்தேன். நீங்க தெரிஞ்ச ஆளில்லாத மரத்தடில வந்து கேக்குறீக."

பத்து நாளாக வீடு வீடாகச் சொல்லிப் பழகியது இவனிடம் செல்லவில்லை. அந்த நேரம் பார்த்து சாதிகா திரும்பவும் கூப்பிட்டாள். வேன் வந்து நிற்கிறது, அண்ணன் கோபமாக இருக்கிறார், எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்றாள். காளை எதிரிலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஊதுபத்தி, போன், ஆறு வருஷம். சிம்மக்கல்லுக்கு இவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நான்கு மணிக்குள் முடியாது, நீ உன் அண்ணனோடு போய்விடு என்றேன்.

சாதிகாவுக்கு வேறொன்று நினைவு வந்துவிட்டது.

"அந்தக் காளை அண்ணன் பொண்டாட்டி எங்கிட்ட வீட்டு வேல கேட்டு வந்துச்சு. எங்க வீட்டையும் கொளுத்தவான்னு கேட்டு வாசலோட அனுப்புனேன். உங்கள நம்பித்தான் அப்படிக் கேட்டேன்." குரல் உடைந்தது. "நான் எந்த மொகத்தோட மக்கா போக? வேன அனுப்பிருறேன்."

காளையிடம் வண்டியில் ஏறு என்றேன். டோக்கன் கட்டைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறினான். முன் சீட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். தல்லாகுளம் வந்தபோது எனக்குப் பயம் பிடித்தது. நாளை முதல் சிம்மக்கல்லில் என்னை என்னவென்று சொல்வார்கள்? கமிட்டியில் என்ன பேசுவார்கள்? இப்படியே நேராக அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாதிகாவை விட்டு மாப்பு கேட்கச் சொல்லி, நல்ல சாப்பாடு போட்டு அனுப்பினால் போதாதா என்றுகூடத் தோன்றியது. பாலம் இறங்கும்வரை அந்த எண்ணம் என்னை விடவில்லை.

சிம்மக்கல்லில் லோடு இறங்குகிற நேரம். லாரியைச் சுற்றி முப்பது பேர் இருப்பார்கள். பேயாண்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காளை இறங்கியதும் இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். எல்லோரும் கேளுங்கள் என்று சத்தம் போட்டேன். தலையில் மூட்டையோடு போனவர்கள் நின்றார்கள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி குடோன் எரிஞ்சது என்னால. நான் செருகுன ஊதுபத்தி. காளைக்கு அதுல சம்பந்தமே இல்ல. எனக்குத் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. என் கால்ல விழ வச்சேன். அவன்தான் என்னைய மன்னிக்கணும்."

நான் குனிந்து காளையின் காலைத் தொடப் போனேன். அவன் பின்னால் நகர்ந்துவிட்டான். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் என்னைக் கவனிக்கவே இல்லை. சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் ஆரம்பித்து அந்தப் பக்கம் வரை ஒருவரையும் விடாமல். முகத்தைத் திருப்பியிருந்தவர்கள் தலைகுனிந்தார்கள்.

பேயாண்டி பெஞ்சிலிருந்து எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு காளையிடம் வந்தார்.

"காளை, வாப்பா. டீ சாப்புட்டியா?"

காளை முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனைத் தோளோடு அணைத்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு மற்றவர்களும் பின்னால் போனார்கள். என்னை யாரும் திட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. லாரிக்கு முன்னால் தொப்பியோடு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அவன் எனக்கு மாப்பு கொடுத்தானா இல்லையா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை.