மாமா போட்ட ஊசி

என் உடம்பைப் பார்த்த யாரும் என்னிடம் ஒரு குறை இருக்கும் என்று நினைக்க மாட்டார்கள். நானும் நினைத்ததில்லை. ஜிம் நடத்துகிறேன், எல்லோருக்கும் நான் மாஸ்டர். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியது என் மனைவிதான். மாத்திரை, ஊசி, ஒரு ஆபரேஷன் எல்லாம் அவளுக்குத்தான். ஒரு டாக்டர் என்னையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். "இந்த உடம்புக்கா?" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

போன வருஷத்தோடு அவளுக்கு மாதவிலக்கும் நின்றுபோனது. அழுது முடித்தவள், "என் தம்பி குழந்தையையாவது தூக்கிக்கிறேன்" என்றாள்.

அந்தத் தம்பி, அதாவது என் மச்சினன், லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி மூன்று வருஷமாக அவனுக்கும் இல்லை. ஆனால் பயல் என்னைப்போல் வீராப்பு பேசவில்லை, நேராகப் போய் டெஸ்ட் எடுத்தான். விந்தணு குறைவாக இருந்தது. சிகரெட்டை விடு, இறுக்கமாக உடுத்தாதே, நேரத்துக்குத் தூங்கு, புது அணுக்கள் உருவாக மூன்று மாதமாவது ஆகும், அப்புறம் வா என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அவன் வாடிய முகத்தோடு ஜிம்முக்கு வந்தான்.

"ஆம்பளைன்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு மாமா."

"அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்த? மாமா இருக்கேன்டா."

பின்னறை அலமாரியில் நான் போட்டுக்கொள்ளும் ஆண் ஹார்மோன் ஊசி இருந்தது. உடம்பு ஏறுவதற்காகக் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை. வாரம் ஒன்று அவனுக்கும் போட்டேன். பாசத்தில்தான் போட்டேன், சத்தியமாக. டாக்டர் சொன்னதையும் அவன் ஒன்றுவிடாமல் செய்தான். தோள் விரிந்தது, குரல் கனத்தது. தம்பியைப் பார்த்துப் பார்த்து என் மனைவி பூரித்துப் போனாள்.

நாலு மாதம் கழித்து ரிசல்ட் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஒண்ணுகூட இல்லையே. போன தடவை கொஞ்சமாவது இருந்துச்சு. ஏதாவது ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்" என்றான் மச்சினன், தரையைப் பார்த்துக்கொண்டு. மாமாவைக் காட்டிக்கொடுக்க மாட்டானாம், மடையன்!

"நான்தாங்க போட்டேன்" என்று ஊசியின் பெயரைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "வெளியிலேர்ந்து ஹார்மோன் வந்தா, இதுவே போதும்னு மூளை நினைச்சுக்கும். அணு உற்பத்தி பண்ணச் சொல்லி விரைக்கு உத்தரவு குடுக்கறதை நிறுத்திடும். வெளியே உடம்பு ஏறும், உள்ளே எல்லாம் நின்னுடும். இன்னையோட விட்டுடுங்க. நாலு மாசம்தானே, பெரும்பாலும் திரும்பி வந்துடும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகலாம்."

மச்சினன் பெருமூச்சு விட்டான். டாக்டரம்மா என் புஜத்தைப் பார்த்தார்.

"நீங்க எத்தனை வருஷமா போட்டுக்கறீங்க?"

பதினைந்து வருஷம். என் மனைவி கழுத்தில் மாலை விழுவதற்கு முன்பே நான் அவளுடைய குழந்தையை இல்லாமல் செய்திருக்கிறேன்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னேன், அவள் தம்பிக்குப் போட்டதையும், எனக்கு நானே போட்டுக்கொண்டதையும்.

"தம்பிக்குச் சரியாயிடுமா?"

"ஆயிடும்னாங்க."

"உங்களுக்கு?"

"டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

"இனிமே எதுக்கு?" என்றாள். கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்தாள். "உங்கம்மா கடைசியா படுத்திருந்தப்ப அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். உங்க பிள்ளைக்கு ஒரு குழந்தை பெத்துக் குடுக்க முடியல அத்தை, என்னை மன்னிச்சிடுங்கன்னு. அவங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

நின்றேன். நின்றது மட்டுமா? அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் தோளில் கை போட்டு, "விடு, நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்று சொன்னவன் நான்.