மைனஸ் பதினைந்து

அந்தப் பள்ளியின் கணக்குத் துறைத் தலைவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அடைப்புக்குறி. மீசையின் இரு முனையும் வாய்க்கு இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியிருக்கும். முப்பது வருட அனுபவசாலி. அந்த அனுபவத்தையெல்லாம் ஒரே அட்டையில் எழுதி, வகுப்புக்கு ஒன்றாக ஆணியடித்து மாட்டியிருந்தார்: அடைப்பு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். வரிசை மாறினால் மனிதருக்குப் பொல்லாத கோபம் வரும்.

அட்டை தப்பு என்பது ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குத் தெரியும். கூட்டலும் கழித்தலும் சம அந்தஸ்துக்காரர்கள், இடப்பக்கம் எது முதலில் நிற்கிறதோ அதைத்தான் முதலில் செய்யவேண்டும். தெரிந்து என்ன பிரயோசனம்? அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதமாகியும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அடைப்புக்குறி. அதனால் பாடம் நடத்தும்போது அட்டையைக் கைகாட்டிவிட்டு, நைசாக அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவாள்.

மாதத் தேர்வில் வந்தது வினை. கணக்கு இதுதான்: −7 − 5 + 3. எல்லாப் பிரிவுக்கும் அடைப்புக்குறி கைப்பட எழுதிய ஒரே விடைக்குறிப்பு. அதைப் பார்த்து டிக் போடுவதோடு மற்றவர்கள் வேலை முடிந்தது. கூட்டல்தான் முதலில் என்று ஐந்தையும் மூன்றையும் கூட்டி எட்டாக்கி, அதைக் கழித்து, −15 என்று எழுதியிருந்தார். டீச்சரின் வகுப்பிலும் எல்லாரும் −15. ஒருத்தி மட்டும் −9.

அவளைக் கொக்கி என்பார்கள். கேள்வி கேட்கக் கை தூக்கினால் மணிக்கட்டு தானாக வளைந்துகொள்ளும். டீச்சர் அந்த −9ஐச் சிவப்பில் அடித்தாள். மறுநாள் கொக்கி எழுந்தாள்.

"மிஸ், நான் படிக்கட்டுல இறங்கியே பாத்துட்டேன். ஏழு படி இறங்கினேன், அப்புறம் அஞ்சு. மூணு ஏறினேன். ஒம்பதாவது படியிலதான் நிக்கிறேன். மூணு ஏறினவ எப்படி மிஸ் பதினஞ்சுக்குப் போவேன்?"

டீச்சர் வாசல் பக்கம் பார்த்தாள். எதிரே அடைப்புக்குறியின் அறைக் கதவு திறந்திருந்தது.

"அட்டையில இருக்கிறபடி போடு."

"அப்போ படிக்கட்டு தப்பா மிஸ்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாயடிக்காத. வருஷப் பரீட்சைக்கு அட்டைப்படிதான் போடணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதில் பொய்யில்லை என்பதுதான் கேவலம். வருடத் தேர்வில் தொண்ணூறு வாங்கினால்தான் அடுத்த வருடம் மேற்கணக்குப் பிரிவு. அதற்கு எட்டக்கூடியவள் அந்த வகுப்பில் கொக்கி ஒருத்திதான். அப்போதும் இதே விடைக்குறிப்புதான் வரப்போகிறது, பிள்ளை வீணாக மார்க்கை இழப்பானேன் என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கொக்கி சொன்ன பேச்சைக் கேட்டாள். பயிற்சிக்குக் கொடுத்த நாற்பது கணக்கை அழகாக, வரிசையாக, தப்பாகப் போட்டுக்கொண்டு வந்தாள். டீச்சர் நாற்பதுக்கும் டிக் போட்டாள்.

தேர்வுக்கு முந்தின வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டோடு விடைக்குறிப்பும் வந்தது. −4 − 6 + 8 என்ற கணக்குக்கு எதிரே −2 என்று எழுதியிருந்தது. சரியான விடை. டீச்சர் மற்ற கணக்குகளையும் பார்த்தாள். அந்த மாதிரிக் கணக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். விடைக்குறிப்பைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்கு ஓடினாள்.

"சார், விடை மாறியிருக்கே?"

"ஆமாம்மா. என் பேத்தி வீட்டுல சண்டைக்கே வந்துட்டா. பாத்தா அவ சொல்றதுதான் சரி. மாசப் பரீட்சை முடிஞ்ச வாரமே என் முறையைத் திருத்திக்கிட்டேன்."

"எங்ககிட்ட சொல்லலையே சார்! அட்டைகூட சுவத்துல இருந்துச்சே!"

"பரீட்சை ஹால்னு சொல்லி எல்லாத்தையும் கழட்டியாச்சே. அதுக்கு மேல என்ன, முப்பது வருஷமா தப்பா சொல்லிக் குடுத்தேன்னு நோட்டீஸ் ஒட்டணுமா?" அடைப்புக்குறி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க படிச்ச பொண்ணு. சரியாத்தானே சொல்லிக் குடுத்திருப்பீங்க?"

டீச்சர் வந்த வழியே திரும்பினாள்.

கொக்கியின் தாளில் ஐந்தும் அட்டைப்படி. கூட்டிப் பார்த்தால் எண்பத்தெட்டு. −18 என்று எழுதியிருந்த கணக்கின் ஓரத்தில், பென்சிலால் சின்னதாகப் படிக்கட்டு ஒன்று வரைந்து, அடியில் −2 என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தாள். அந்த ஒரு விடைக்கு டிக் போட்டால் தொண்ணூறு. ஆனால் அடித்த விடைக்கு மார்க் கிடையாது என்பது விதி, தாள்களை மறுபார்வை பார்ப்பவரோ அடைப்புக்குறி. டீச்சர் பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எண்பத்தெட்டு என்று எழுதி வட்டம் போட்டாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த தாளை எடுத்தாள்.

தாள் கொடுத்த அன்று எல்லாரும் போனபிறகு கொக்கி மேசையருகே வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நீங்க சொன்ன மாதிரிதான் மிஸ் போட்டேன். இப்ப மைனஸ் ரெண்டுதான் சரின்னு போட்டிருக்கு. அப்பவே உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

டீச்சர் மேசையிலிருந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"தெரியாதும்மா."

கொக்கி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல மிஸ். ரொம்ப ஈசி. படிக்கட்டுக்கு வாங்க, நான் சொல்லித் தரேன்."