பழைய பாதையில் சிவப்புப் பொட்டுகள்

“பச்சைப் பொட்டு ஒட்டினா, அது அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். சிவப்பு ஒட்டினா எடுத்துடலாம்னு அர்த்தம். பேர் எழுத வேண்டாம்,” என்றாள் நகராட்சியிலிருந்து வந்திருந்த வரைபடக்காரப் பெண்.

நூலக மாடியில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பூங்காவின் வரைபடத்தை விரித்திருந்தார்கள். சுவரோரமாகச் சுற்றிவரும் பழைய நடைபாதையை எடுத்துவிட்டு, நடுவில் நேராக ஒரு அகலப் பாதை, அதன் கோடியில் பின்தெருவைப் பார்த்துப் புது வாசல் என்பது திட்டம். தெருக்காரர்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெய்லரம்மா வந்ததே அந்தப் பழைய பாதைக்காகத்தான். அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டே வந்தது. கடைத்தெருவில் வழி தெரியாமல் நின்றவரை ஒருநாள் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். சிநேகிதரைப் பார்க்கப் போயிருந்தார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளித்தாள். பூங்காவில் மட்டும் அவர் தவறியதில்லை. உள்ளே நுழைந்து சுவரோரமாக ஒரு சுற்று. அதே வாசலில் வெளியே வந்தால் எதிரே வீடு. அந்த ஒரு சுற்றில்தான் அவர் யார் கையையும் பிடிக்காத மனிதர்.

“டிரைவர் சார், வண்டி கிளம்பியாச்சா?” என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தினமும் பூங்கா வாசலில் கேட்பதுதான்.

“பிரேக் பார்த்தாச்சு. கண்டக்டர்தான் மசமசன்னு நிக்குது,” என்று டிரைவர் மனைவியைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று டெய்லரம்மாவுக்கு நிம்மதி.

பொட்டுத் தாளைக் கணவர் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசப் போனாள்.

“அக்கா, அந்தச் சுவரோரப் பாதை நல்ல நிழல். பச்சை ஒட்டுங்களேன்.”

“ஒட்டிட்டாப் போச்சு. என் பொண்ணு சட்டை என்னாச்சு? அவ வளர்ந்து முடிச்சப்புறம் குடுப்பியா?”

“நாளைக்குக் குடுத்துடறேன்க்கா.”

திரும்பிப் பார்த்தபோது டிரைவர் மேசைமேல் குனிந்து நின்றிருந்தார். பழைய பாதை நெடுகச் சிவப்புப் பொட்டுகள். வாசலில் தொடங்கி, குழாயடி, வளைவு, மறுபடி வாசல் என்று இடைவெளி பிசகாமல் ஒட்டியிருந்தார்.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஸ்டாப் போட்டிருக்கேன். சிவப்புன்னாத்தானே தூரத்துலேயே கண்ணுல படும்?”

வரைபடக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். “பழைய பாதைக்கு இவ்வளவு எதிர்ப்பா? அப்போ எடுத்துடலாம்.”

“இது பூரா இவர் ஒருத்தர் ஒட்டினதும்மா.”

“இருக்கட்டும். அவர் தாள், அவர் அபிப்பிராயம். நாம தலையிடக் கூடாது.”

“அது அபிப்பிராயம் இல்ல.”

“பின்னே?”

பேச்சு நின்று எல்லோரும் திரும்பினார்கள். வாயை மூடிக்கொண்டால் பாதை போய்விடும். பின்தெருவில் வெளியே வந்து எங்கே போய் நிற்பாரோ. வாயைத் திறந்தால் இத்தனை நாள் பொத்திவைத்தது போய்விடும். டிரைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“அவருக்கு நினைவு சரியில்ல,” என்றாள். “எதுக்கு ஒட்டறோம்னு தெரியாது. அந்த ஒரு வழிதான் மனசுல நிக்குது. அதையும் எடுத்துட்டா வீடு வந்து சேர மாட்டார்.”

வரைபடக்காரப் பெண் நகத்தால் பொட்டுகளைக் கிள்ளி எடுத்தாள். “பாதை இருக்கும்மா. நான் பார்த்துக்கறேன்.”

“ஸ்டாப்பையெல்லாம் எடுக்கறாங்களே,” என்றார் டிரைவர்.

சட்டை கேட்ட அக்கா அவரைப் பார்க்காமல் டெய்லரம்மாவின் தோளைத் தொட்டாள். “சட்டை மெதுவாவே வரட்டும்.”

மறுநாள் மாலை பூங்கா வாசலில் செயலாளர் நின்றிருந்தார். டிரைவர் அவர் எதிரே போய், கேள்வி வரட்டும் என்று காத்து நின்றார். செயலாளர் அவரைத் தாண்டி, பின்னால் வந்த டெய்லரம்மாவிடம் குரலைத் தணித்துக் கேட்டார்.

“சாப்பிட்டாராம்மா?”

“சாப்பிட்டார்.”

“இனிமே தனியா விடாதீங்க. குழந்தைங்க விளையாடற இடம். எல்லாரும் சொல்றாங்க.”

அவள் தலையாட்டினாள். டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறப் பார்த்தார்; பிறகு விட்டுவிட்டார். குழாயடி வந்ததும் டிரைவர் கேட்டார்.

“செயலாளர் ஏன் வண்டியைப் பத்திக் கேக்கவே இல்ல?”

“மறந்திருப்பாருங்க.”

“பாவம்,” என்றார் டிரைவர். “அவருக்கும் வயசாயிடுச்சு.”