காணாமப் போன தண்டவாளம்

எண்பத்திரண்டுல, சுங்கை ஆயர் தாவார் பக்கத்து எங்க தோட்டத்துக்கு, ஞாயித்துக்கிழமையாப் பார்த்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆளு வந்தார். "இருசப்பனைப் பத்தி விசாரிக்கணும்"னார். பட்டாளத்துல இருக்கிற என் தம்பிக்குப் பொண்ணு குடுக்க வந்திருக்கார்னு நினைச்சோம். கேள்வியும் அப்படித்தானே இருந்துச்சு! கோபம் வருமா? நல்லாத் தூங்குவாரா? குடும்பத்துல யாருக்காவது புத்தி பேதலிச்சதுண்டா?

மாப்பிள்ளை விசாரிச்சு வந்தா உள்ளதைச் சொல்ற வழக்கம் எங்க லயத்து வரிசை வீடுகள்ல கிடையாது. "தங்கம் லா!"ன்னார் எங்களை வேலை வாங்குற மண்டோர் நல்லசாமி. போன லீவுல, பின்னால வந்து தோளைத் தொட்டதுக்குத் தம்பிகிட்ட அறை வாங்கின சன்னாசிகூட, "எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்"னு கன்னத்தைத் தடவிக்கிட்டே சொன்னான். நான் மட்டும் குறைச்சலா? "படுத்தா கட்டை மாதிரித் தூங்குவான்"னு காப்பியை நீட்டினேன்.

எல்லாத்தையும் எழுதிட்டு அவர் தலையில கை வெச்சுக்கிட்டார். "நான் கேப்டன் உமாபதி. ராணுவக் கோர்ட்டுல உங்க தம்பிக்காகப் பேசப் போறேன். சாப்பாட்டுக் கூடத்துல யாரோ தட்டைக் கீழ போட்ட சத்தத்துக்கு, அவர் ஒரு சார்ஜண்டோட மண்டையை உடைச்சிட்டார். அந்த நேரம் புத்தி தன் வசத்துல இல்லேன்னு காட்டினா ஆஸ்பத்திரி. இல்லேன்னா ஜெயில்."

லயம் சும்மா இருக்குமா? வாழைப்பழத்தைத் தோலோட தின்னான்னார் மண்டோர். ஆட்டுக்கு சல்யூட் அடிச்சான்னான் சன்னாசி. கேப்டன் ஃபைலை மூடிட்டார். "இனி நீங்க சத்தியம் பண்ணாலும் எடுபடாது. முந்தியே எழுதி வெச்ச அத்தாட்சி ஏதாவது இருக்கா?"

இருந்துச்சு. சொன்னா மண்டோர் என் தோலை உரிச்சுடுவார். ஆனா தம்பி ஜெயிலுக்கில்ல போயிடுவான்!

"ஐயா, போன லீவுக்கு வரும்போது கூட்டாளியைக் கண்ணிவெடிக்குப் பறிகுடுத்துட்டு வந்தான். விடியக்காலை வேலைக்கு ஆள் கூப்பிட மண்டோர் அடிக்கிற தண்டவாளத் துண்டு டங்குன்னாப் போதும், கட்டிலுக்கு அடியில சுருண்டுக்கிட்டு நடுங்குவான். ஆறடி ஆம்பளை! பொறுக்கல. அதைக் கழட்டி என் கோழிக்கூண்டுல ஒளிச்சு வெச்சேன். அவன் கேம்புக்குப் போன அன்னிக்கே திரும்ப மாட்டிட்டேன். காணாமப் போன தேதி, கிடைச்ச தேதி, ரெண்டையும் மண்டோர் ஆபீஸ் புக்குல எழுதி வெச்சிருக்கார்."

"நீயாடி!"ன்னு மண்டோர் எகிறினார். பாவம், பத்து நாள் தொண்டை கிழியக் கத்தி ஆள் எழுப்பினவர். அவர் திருடனை ஏசினப்ப, நானும் கூடச் சேர்ந்து ஏசினேனே! ஏசிக்கிட்டேதான் ஆபீசுக்கு ஓடினார். அந்தப் புக்கை அவரே தூக்கிட்டு வந்தார்.

லீவுத் தேதியும் புக்குத் தேதியும் ஒத்துப் போச்சு. நானும் கோர்ட்டுல நின்னு சொன்னேன். தம்பியை ஜெயிலுக்கு அனுப்பல, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினாங்க.

ஏழு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்தான். மறுநாள் விடியக்காலை, தண்டவாளச் சத்தம் எப்ப வருமோன்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். டங்குன்னு கேக்கவேயில்ல. எட்டிப் பார்த்தா, மண்டோர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் விரலால தட்டி, "எந்திரிங்கடா சோம்பேறிங்களா"ன்னு கிசுகிசுன்னு ஏசிக்கிட்டு வர்றார்.

எங்க கதவை மட்டும் அவர் தட்டல. ஜன்னலோரம் வந்து, "வள்ளி, இந்தத் தடவை அது என் கோழிக்கூண்டுல இருக்கு. அவன் தூங்கட்டும்"னார்.